எந்த ஏழுமலை?

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எண் போடுவது, அடுக்குவது, செல்லரிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். நான் சொல்லப்போவது ஏழுமலையைப் பற்றி. ஆம்பூர், வேலூர் பக்கம் எந்தக் கல்லூரி நூலகத்தில் நீங்கள் உட்கார்ந்தாலும், கட்டாயம் ஒரு ஏழுமலை வந்து உங்கள் மேஜை முன்னால் நிற்பார். அன்றைக்கு என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும், மற்றது தானாக வரும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கத் தாமதமானாலும், பிறந்த பிள்ளைக்கு உடம்பு தேறாவிட்டாலும் திருப்பதிக்கு வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் பலித்தால் மொட்டை, பையன் என்றால் பெயர் ஏழுமலை. அப்பா பெயர் கண்ணனாகவோ குப்புசாமியாகவோ கிருஷ்ணனாகவோ இருந்து தொலைக்கும். எப்படியும் முன்னால் ஒரு 'கே' வந்து ஒட்டிக்கொள்ளும். மாதனூரில் காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது ஏழுமலை என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஷூ கம்பெனிகளில் வேலையையும் சேர்த்தே கூப்பிடுவது வழக்கம். தோல் வெட்டுகிறவர் கட்டிங் ஏழுமலை, பெட்டியில் போடுகிறவர் பேக்கிங் ஏழுமலை. அங்கே யாருக்கும் குழப்பமே வராது.

குழப்பமெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் புது மென்பொருள் வந்தது. ஓர் ஆசிரியரின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயரில் வெளியே இருப்பதையும் நம் அலமாரியில் இருப்பதையும் வாரிக்கொண்டு வந்து ஒரே ஆளின் தலையில் கொட்டும். வேதியியல் துறையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த கே. ஏழுமலையின் பெயரைத் தட்டினோம். தோல் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரிப்பது பற்றிய ஆராய்ச்சி வந்தது. சரி, அது அவருடையது. கூடவே கேழ்வரகு ரகங்களைப் பற்றி ஆராய்ச்சி வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு கையேடு வந்தது. தெருக்கூத்து நாடகங்கள், ஒரு காதல் கவிதைத் தொகுப்பு, ஒரு கிணற்றைப் பற்றிய வரிசையான கட்டுரைகள். எல்லாம் கே. ஏழுமலை.

எங்கள் பிரின்சிபால் தங்கமான மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் உடனே ஃப்ளெக்ஸ் அடித்துவிட வேண்டும் அவருக்கு. இப்படி ஒரு சகலகலா வல்லவர் நம் கல்லூரியில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறாரா என்று வியந்து, கேட்டுக்கு மேலே பெரிய படமாக வைக்கலாம் என்றார். ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "மேடம், கவிதைய மட்டுமாவது எடுத்துருங்க. வீட்ல பொண்ணு பாத்துனு இருக்காங்க" என்றார்.

பிரிக்கும் வேலையை நான் என் வழக்கப்படி செய்தேன். திரையில் பிரிக்க எனக்கு வராது. எல்லாவற்றையும் அச்செடுத்து, புத்தகங்களையும் எடுத்துவந்து, படிக்கும் கூடத்து நீள மேஜையில் ஆளுக்கு ஒரு குவியலாக வைத்தேன். பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பேசினேன். கணியம்பாடி பக்கத்திலிருந்து ராகி ஏழுமலை வயலில் நின்றுகொண்டே பேசினார். வார்டு ஏழுமலை வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூத்து ஏழுமலை பள்ளிக்கூட வாத்தியார். லாங் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் கவிதை ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை. கவிதைக்காகத் தனக்கு வந்த முதல் போன் இதுதான் என்று சொல்லி, கேட்காமலேயே ஒரு கட்டுப் புத்தகத்தை அனுப்பிவைத்தார். ஷூ கம்பெனி வழக்கத்தை நான் நூலகத்துக்குக் கொண்டுவந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஃப்ளெக்ஸ் போனதில் பிரின்சிபாலுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

கடைசிக் குவியல் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. எங்கள் நூலகத்துக்கு நெடுங்காலமாக வரும் ஒரு சிற்றிதழில் வந்த கட்டுரைகள் அவை. எழுதியவரின் விலாசம் இல்லை. கிணற்று ஏழுமலை என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டேன்.

வினை அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தது. அந்த மனிதர் புதிதாக ஒன்று எழுதியிருந்தார். அவர் ஊருக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகுதான் பையனைப் பார்ப்பார்களாம். பலர் பையனைப் பார்க்காமலேயே பஸ் ஏறிவிடுவார்களாம். படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். திட்டு இல்லை, கோஷம் இல்லை, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. தண்ணீர் ஏன் அப்படி ஆனது என்று இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லவா வேண்டும்? அதனாலேயே குத்திற்று. யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் கரஸ்பாண்டன்ட் போனில் வந்து விழுந்தது.

கல்லூரியை நடத்தும் அவருக்குத் தோல் பதனிடும் தொழிலும் உண்டு, ஷூ கம்பெனியும் உண்டு. அவருடைய மேஜையில் அந்த வாரம்தான் எங்கள் ஏழுமலையை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது. பெயர் கே. ஏழுமலை, ஊர் மாதனூர் பக்கம், தோல் கழிவுநீர் பற்றித் தெரிந்த ஆள். வேறு என்ன வேண்டும்? கூப்பிட்டுக் கேட்டார். ஏழுமலை தான் எழுதவில்லை என்றார். அப்படியானால் எழுதியது யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். அந்தத் 'தெரியாது' சரியாக வரவில்லை போலிருக்கிறது. உத்தரவு நின்றது. மறுநாள் காலைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் ஒப்பந்தமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிரின்சிபால் ஓடிவந்து, இவர் அவரில்லை என்று காட்ட முடியுமா என்று கேட்டார். முடியுமாவா? மேஜை மேல் குவியலாகவே இருக்கிறதே. கரஸ்பாண்டன்டையே நூலகத்துக்கு அழைத்துவாருங்கள் என்று தெனாவட்டாகச் சொல்லி அனுப்பினேன்.

மதியம் ஏழுமலை வந்தார். சாப்பாட்டு நேரம், நூலகத்தில் வேறு யாரும் இல்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "மேடம், நாளைக்கு நீங்க ஒண்ணும் காட்ட வேணாம்" என்றார்.

ஏன் என்றேன்.

"எழுதனது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க தெரு அண்ணன்தான். கரஸ்பாண்டன்ட் சார் கம்பெனியிலயே கட்டிங்ல இருக்காரு. நான் இல்லன்னு ஆச்சுன்னா, அடுத்து யாருன்னுதானே தேடுவாங்க. ரெண்டு பொண்ணுங்க படிக்குது மேடம் அவருக்கு."

"உங்க வேலை?"

"எனக்கு டிகிரி இருக்குது, எங்கனா போய்ப்பேன். அவரு இந்த வயசுல எங்க போவாரு?"

தியாகம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொதுவாக எரிச்சல்தான் வரும். வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துத் தியாகம் செய்துவிடுவார்கள். இவருடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்து குனிந்து முதுகு போய்த்தான் இவரைப் படிக்கவைத்தார். நிரந்தர உத்தரவு வரட்டும் என்று இவரும் எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிறார். எங்கனா போய்ப்பேன் என்றால் என்ன அர்த்தம்? ஆனால் திட்ட வாயெடுத்தவள் அவர் கையில் திறக்காமலே இருந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தேன். போய்ச் சாப்பிடுங்கள், நான் யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டு ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். நான் பேசாமல் இருந்தால் இவர் வேலை போகும். பேசினால் அவர் வேலை போகும். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இவரைக் காப்பாற்ற இருப்பதிலேயே நல்ல வாதம் ஒரே ஒரு வாக்கியம்தான்: உங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறி ஏழுமலை என்று கூப்பிட்டுப் பாருங்கள் சார். அதைச் சொன்னால் இவர் பிழைப்பார், அந்த நிமிடமே அவர் மாட்டுவார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லக் கூடாது. நம் வாய் லேசுப்பட்டதல்ல, ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் அதற்குப் பொறுக்காது. வீட்டில் சமைக்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து வந்து நின்றது.

மறுநாள் சீக்கிரமே போய், கிணற்றுக் கட்டுரைகள் வந்த பழைய இதழ்களை முழுக்கப் படித்தேன். ஒன்றில் கம்பெனி பஸ்ஸைப் பற்றி நாலு வரி இருந்தது. அந்த இதழை அதன் அலமாரியிலேயே திரும்ப வைத்தேன். கேட்டால் எடுத்துத் தருவேன், கேட்காமல் மேஜைக்குக் கொண்டுவர மாட்டேன். இதைப் பொய் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குத் தேவையான ஓர் இதழை மட்டும் மேலே வைத்தேன்.

கரஸ்பாண்டன்ட் வந்தார். பின்னால் பிரின்சிபால். ஏழுமலை அலமாரி ஓரமாக, தன்னை அடக்கம் செய்ய வந்தவர்கள் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, காய்கறிக் கடையாட்டம்?" என்றார் கரஸ்பாண்டன்ட், குவியல்களைப் பார்த்து.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இது ராகி, இது ஆஸ்பத்திரி, இது கூத்து, இது கவிதை. எல்லாரும் கே. ஏழுமலை, எல்லாரும் இந்த மாவட்டத்தைச் சுற்றித்தான், எல்லாரிடமும் நானே பேசியிருக்கிறேன் என்றேன். அவர் கவிதைப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்துவிட்டு, புருவத்தை உயர்த்தி, வைத்துவிட்டார். பிறகு கடைசிக் குவியலைத் தட்டி, "இதுக்கு வாங்க" என்றார்.

நான் வைத்திருந்த இதழைப் பிரித்துக் கொடுத்தேன். "இதுவும் அதே ஆள், அதே கிணறு சார். தன் மாமியா அவங்க ஊர்லேர்ந்து வரச்சொல்லோ தண்ணி கேனோட வந்து எறங்குறத பத்தி எழுதியிருக்காரு. இது வந்தப்ப நம்ம ஏழுமலை ஒன்பதாங்கிளாஸ். ஒன்பதாங்கிளாஸ் பையனுக்கு ஏது சார் மாமியா?"

பிரின்சிபால் சத்தமாகச் சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்காததால் இருமினார். கரஸ்பாண்டன்ட் இதழின் அட்டையைப் பார்த்தார், எங்கள் நூலக முத்திரையைப் பார்த்தார், பிறகு ஏழுமலையைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடப்போகும் நேரத்தில் அவரே ஆரம்பித்தார்.

"அதுவும் சரிதான். ஏழுமலைன்னா ஒருத்தனா ரெண்டு பேரா? என் கம்பெனியிலயே ஜாஸ்தி பேரு இருக்கானுங்க. பேக்கிங்ல ஒருத்தன், கட்டிங்ல ஒருத்தன்" என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

நான் ராத்திரியெல்லாம் நாக்கைக் கடித்துக் காப்பாற்றிய வாக்கியத்தை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரி ஓரத்தில் ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். கட்டிங் என்று சொன்ன விரல் அப்படியே மடங்காமல் நின்றது. கரஸ்பாண்டன்ட் ஏதோ யோசிப்பது போலிருந்தது.

பிறகு கையை உதறினார். "அவனுங்க எங்க இதெல்லாம் எழுதப் போறானுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. உங்கள் கம்பெனியில் தோல் வெட்டுகிற ஒருவர் எழுதியதைத்தான் சார் மாவட்டமே படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போலிருந்தது. வேறு சமயமாக இருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த அலட்சியம்தான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கோபத்தை விழுங்கிவிட்டு அவருக்கு டீ சொன்னேன்.

டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். "சரி, இவரு இல்ல. அப்ப யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். முந்தின நாள் ஏழுமலை சொன்ன தெரியாது எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். அதைவிட, அவர் கேட்டபோது உண்மையான பதிலே என்னிடம் இருந்தது.

"இவரு எழுதலன்றத நான் கையெழுத்துப் போட்டே குடுக்கறேன் சார். யாரு எழுதனாங்கன்றது லைப்ரரி சொல்ற விஷயம் இல்ல. நாளைக்கு நீங்களே இங்க வந்து ஒரு புக்கு எடுத்துனு போனாலும், அது இன்னா புக்குன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்."

பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு ஓய்வூதியம் கிடைக்காது என்று எழுதியிருந்தது. கரஸ்பாண்டன்ட் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. மேஜையைச் சுற்றிவந்து, குவியல்களில் ஒன்றின் முன்னால் நின்றார். மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் புரட்டினார். நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மற்ற இருவரையும் வகுப்புக்குப் போகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தி, "இது எடுத்துனு போலாமா?" என்றார்.

"தாராளமா சார்."

"இன்னா புக்குன்னு வெளிய சொல்ல மாட்டீங்க இல்ல?"

"சொல்ல மாட்டேன் சார்."

அவர் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். எழுதியது யார் என்ற கேள்வியை அவர் அப்புறம் கேட்கவே இல்லை. அன்று எடுத்துப்போனது எது என்று நீங்கள் என்னென்னவோ ஊகிக்கலாம். அதை உங்களிடமும் நான் சொல்வதாக இல்லை. தோல் வெட்டும் அண்ணன் கம்பெனியிலிருந்து நின்ற பிறகு இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், அந்த இடம் வந்ததும் எல்லாரும் நச்சரிப்பார்கள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

நம் வேலையில் சேர்ப்பது சுலபம், கம்ப்யூட்டரே சேர்த்துவிடும். பிரிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் பிரித்துக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும். ஒன்று இவருடையது இல்லை என்று சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அது யாருடையது என்று கேட்டவுடன் ஆளைப் பிடித்து முன்னால் நிறுத்த வேண்டிய அவசியம் நமக்கில்லை. இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லித்தராது.

நிரந்தர உத்தரவு அந்த வாரமே வந்துவிட்டது. ஏழுமலை நூலகத்துக்கு லட்டு கொண்டுவந்தார். பக்கத்தில் ஒருவர், வெளுத்த சட்டை, விரல்களில் கத்தி பட்ட பழைய தழும்புகள், கூச்சத்தோடு நின்றார். கம்பெனியில் அன்று லீவாம். சொல்லாமலே யார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கட்டுரையை நான் எவ்வளவு ரசித்துப் படித்தேன் என்று சொன்னதும், பாராட்டைத் தாங்க மாட்டாமல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பி, என்னால்தானே உனக்கு இவ்வளவு பேஜார், இனிமேல் வேறு பெயரில் எழுதுகிறேன், ஒரு நல்ல புனைபெயராகப் பார்த்துச் சொல்லு என்றார்.

ஏழுமலை பதறிவிட்டார். "அதெல்லாம் வேணாண்ணா. நீங்க பேர மாத்திக்கினா, நாளைக்கு எதுனா வந்தா நான் ஒருத்தன்தானே தனியா மாட்டுவேன்? கூட்டமா இருந்தாதான் நமக்கு நல்லது."

அண்ணன்காரர் சிரித்த சிரிப்பில் கடைசி மேஜை மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதட்டவில்லை. நூலகத்தில் நான் அதட்டாமல் விட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

அடுத்த இதழிலும் கிணற்றுக் கட்டுரை வந்தது. கே. ஏழுமலை. அதே கிணறு, அதே கிண்டல், மாமியாரும் கேனோடு வருகிறாள். ஆனால் நடுவில் தண்ணீரில் என்ன இருக்கிறது, அதை எப்படிப் பிரித்தெடுக்கலாம் என்று ஒரு பக்கம், கல்லூரி ஆய்வகத்தில் நின்று எழுதியது போல வரிவரியாக இருந்தது. இருவரையும் கூப்பிட்டு, இதை எந்தக் குவியலில் வைப்பது என்று கேட்டேன். தம்பி அண்ணனைக் காட்டினார், அண்ணன் தம்பியைக் காட்டினார். இருவர் முகத்திலும் ஒரே திருட்டு முழி.

அதை இரண்டு குவியலுக்கும் நடுவே வைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். உங்களில் யார் என் நாற்காலிக்கு வருகிறீர்களோ, தயவுசெய்து அதை அங்கேயே விட்டுவையுங்கள். எந்த ஏழுமலை என்று யாராவது வந்து கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். எனக்கே தெரியாது.